குளிருக்கு ஒன்று என்று தொடங்கும் சிகரெட்டை நிறுத்துவது எப்படி?

உதகையிலும் குன்னூரிலும் மாலையில் மூடுபனி இறங்கியதும் டீக்கடை வாசலில் புகை பிடிப்பவர்களுள் பலர், தங்களுக்குப் புகைப்பழக்கம் இருப்பதாகவே எண்ணுவதில்லை. பெட்டியாக வாங்குவதில்லை, நண்பர் நீட்டினால் மட்டும் ஒன்று என்பார்கள். அந்த ஒன்றை விடுவதற்கான வழிமுறை இது.

முதலில் ஆபத்தின் அளவைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்கு உள்ள ஆபத்தில் இருபதில் ஒரு பங்குதான் ஒன்று பிடிப்பவருக்கு இருக்கும் என்று தோன்றலாம். ஆனால், பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான பகுப்பாய்வின்படி, நாளுக்கு ஒன்று மட்டும் பிடித்தாலும் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கான கூடுதல் ஆபத்தில் ஏறக்குறையப் பாதி வந்துவிடுகிறது. இரத்தக் குழாயின் உட்சுவர் பாதிக்கப்படுவதற்கும், இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் எனும் நுண்ணிய அணுக்கள் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறைவதற்கும் சிறிதளவு புகையே போதும் என்பதுதான் காரணம்.

மலையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோர ஊர்களில் கிடைப்பதைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன், இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதால், இருக்கும் குறைந்த ஆக்சிஜனும் உடலுக்கு முழுமையாகப் போய்ச் சேருவதில்லை.

புகை உடலைச் சூடாக்கும் என்பதும் தவறு. நிகோட்டின் தோலின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. பிடித்து முடித்த சில நிமிடங்களில் விரல் நுனியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், முன்னைவிடச் சில்லிட்டிருக்கக்கூடும். குளிருக்குக் குல்லாவும் கம்பளியும்தான் உதவும்.

எப்போதாவது பிடிப்பவரைப் பெரும்பாலும் இழுப்பது நிகோட்டின் தேவையன்று, இடமும் ஆட்களும்தான். ஆகவே, எந்த வேளையில், யாரோடு இருக்கும்போது பிடிக்கிறீர்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். அந்த வேளையில் டீ டம்ளரை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு கடைக்கு உள்ளே உட்காருங்கள். யாராவது நீட்டினால், "இன்னைக்கு வேண்டாங்ணா" என்று சொல்லாதீர்கள். அவர் நாளைக்கும் நீட்டுவார். "விட்டுட்டேங்ணா" என்று சொல்லிவிடுங்கள். மது அருந்தும் இரவுகளில் உறுதி எளிதில் தளர்ந்துவிடும் என்பதால், முதல் சில வாரங்களுக்கு அத்தகைய கூட்டங்களைத் தவிர்ப்பதே நல்லது. பீடிக்கு மாறுவதில் பயனில்லை. அதன் நச்சும் குறைந்ததன்று.

குளிருக்காகச் சன்னல்களை அடைத்த வீட்டுக்குள் பிடித்தால், அந்தப் புகையை அதே அறையில் உறங்கும் குழந்தையும் சுவாசிக்கிறது. எனவே, நிறுத்தும்வரையிலும்கூட வீட்டுக்குள் பிடிக்கவே கூடாது.

காலையில் எழுந்தவுடன் புகைக்கத் தோன்றினால், அது 'எப்போதாவது' என்ற நிலையைக் கடந்துவிட்டது, மருத்துவரைப் பாருங்கள். 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை பெறலாம். இந்த எண் சிகரெட் பெட்டியின் மீதே அச்சிடப்பட்டிருக்கிறது. உதிரியாக வாங்குகிறவர்களின் கண்ணில் அது படுவதில்லை என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.