அரசுப் பள்ளிக்கு நன்கொடை கேட்கப் போகிறவர்களுக்கு

ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பழைய மாணவர்கள் நான்கு பேர் கூடி முடிவெடுத்தவுடன், ரசீதுப் புத்தகம் அச்சடிக்கக் கிளம்பிவிடுகிறோம். அதற்கு முன், தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் சொல்லிவிட்டு, ஒரு நாள் முழுவதும் பள்ளியைச் சுற்றிப் பார்த்து, இல்லாதவற்றையும் பழுதானவற்றையும் விலையோடு பட்டியலிடுங்கள். "பள்ளி வளர்ச்சிக்கு உதவுங்கள்" என்று கேட்டால், எவ்வளவு கொடுப்பது, எதற்குக் கொடுப்பது என்று தெரியாமல் மனிதர்கள் தயங்குகிறார்கள். "நான்காம் வகுப்பில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள், மூன்று பெஞ்சுகள் வேண்டும், ஒன்றுக்கு இவ்வளவு ஆகும்" என்று கேட்டால் பதில் உடனே கிடைக்கிறது.

இது நம் மண்ணிலேயே செய்து பார்க்கப்பட்ட முறை. காமராசர் முதல்வராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளுக்கு அடிப்படையாக இருந்தது, அந்தந்தப் பள்ளியின் தேவைப் பட்டியல்தான். ஊரார் நிலமும் கட்டடமும் கொடுத்தார்கள்; பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் கொடுத்தார்கள். கட்டடம் கட்டித் தரக்கூடியவருக்கும் ஒரு கடிகாரம் மட்டுமே வாங்கித் தரக்கூடியவருக்கும் ஒரே பட்டியலில் இடம் இருந்ததுதான் அந்த இயக்கத்தின் பெரிய பலம் என்று நான் நினைக்கிறேன். எனவே உங்கள் பட்டியலிலும் சில நூறு ரூபாயில் முடிகிற பொருள்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

கேட்கப் போகிறவர் முதலில் தாம் கொடுத்திருக்க வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் குழுவினரின் பெயர்களும் தொகைகளும் இல்லையென்றால், இரண்டாம் பக்கம் நிரம்புவது கடினம். மொய் நோட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொடுத்தவரின் கண்ணெதிரே ஊரும் பேரும் தொகையும் எழுதப்படுவதே அங்கே நம்பிக்கையைத் தருகிறது. எங்கள் ஊரில் வசூலுக்குப் போனபோது, இட்லிக் கடை நடத்தும் மூதாட்டி ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாய் எடுத்துக் கொடுத்தார். நான் எழுதி முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டு, "எழுதினதைப் படிச்சுக் காட்டு தம்பி" என்றார். படித்த பிறகுதான் அடுப்படிக்குத் திரும்பினார். அன்று முதல் எந்தத் தொகையையும் "பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்று நாங்கள் விட்டதில்லை.

பிள்ளைகளின் வறுமையைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி இரக்கத்தைத் தூண்டுவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். அந்தப் பிள்ளை நாளை அதே தெருவில் நடக்க வேண்டியவள். உடைந்த குழாயைக் காட்டுங்கள், ஒழுகும் கூரையைக் காட்டுங்கள், அதுவே போதும்.

பணத்தைப் பொறுத்தவரை, தனிமனிதர் கணக்கில் ஒரு ரூபாயும் வாங்க வேண்டாம். பதிவுபெற்ற அறக்கட்டளையின் வங்கிக் கணக்கிலோ, 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி" திட்டத்தின் வழியாகவோ வாங்குங்கள். வரிச்சலுகை கேட்கிற நன்கொடையாளரிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவது, அவர் நம் தெருவில் பிறந்தவராகவே இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதற்குரிய மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதை ஏற்கக் கூடாது.

வாங்கியதோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவதுதான் பெரும் ஆபத்து. 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில், நாற்பது தலித் குடும்பங்களுக்கு 80 ஏக்கர் வேண்டும் என்ற கோரிக்கையை காந்தியவாதி வினோபா பாவே ஊர்க்கூட்டத்திலேயே முன்வைத்தபோது, அவ்வூர் நிலக்கிழார் ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். இத்தனை குடும்பம், இத்தனை ஏக்கர் என்று அளவோடு கேட்டதற்குக் கிடைத்த பதில் அது. அங்கிருந்து நாடு முழுவதும் பரவிய பூதான (நிலக்கொடை) இயக்கத்தில் பல லட்சம் ஏக்கர் சேர்ந்தது. ஆனால் அதில் கணிசமான பகுதி பயிரிட உதவாததாகவோ வழக்கில் சிக்கியதாகவோ போய், ஏழைகளின் கைக்கு வந்து சேரவே இல்லை.

ஆகவே கொடுத்த ஒவ்வொருவருக்கும், ஐம்பது ரூபாய் கொடுத்தவர் உட்பட, வரவு செலவுக் கணக்கையும் வாங்கிய பொருளின் படத்தையும் அனுப்புங்கள். கைப்பேசி இல்லாதவர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் எவ்வளவு என்று பள்ளித் தகவல் பலகையில் எழுதி ஒட்டுங்கள். கழிப்பறை கட்டுவதாக இருந்தால், அதைத் தினமும் கழுவுகிறவருக்கு யார் சம்பளம் தருவது என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகே முதல் செங்கலை இறக்குங்கள்.