பேட்டரியைத் தீர்க்காமல் படகில் காலைக் காப்பி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் இருந்து வார இறுதியில் சிறு படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பெர்ணம் ஆற்றின் முகத்துவாரத்தில் இரவு முழுவதும் தூண்டில் போடுகிறவர்களுக்கு, விடியற்காலை ஐந்து மணிக்குச் சூடாக ஒரு காப்பி கிடைப்பது சிறிய விஷயமன்று. ஈரக்காற்றில் விழித்திருந்த உடலுக்கு அது தெம்பு தருகிறது. கரைக்குத் திரும்பும் வழியில் படகை ஓட்டுகிறவர் தூக்கக் கலக்கம் இல்லாமல் இருக்கவும் உதவுகிறது. ஆனால் அந்தக் காப்பிக்காகப் படகின் பேட்டரியைத் தொடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு லிட்டர் நீரை 28 பாகை செல்சியசில் இருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 84 வாட்-மணி மின்சாரம் வேண்டும். பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரிலும், மின்கெண்டியிலும் வீணாவதைச் சேர்த்தால் 100 வாட்-மணி ஆகிவிடும். அதே மின்சாரத்தில் 5 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று 20 மணி நேரம் எரியும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி ஒன்றின் மொத்தக் கொள்ளளவு 1,200 வாட்-மணி. பாதிக்கும் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், நாம் கைவைக்கக் கூடியது 600 வாட்-மணிதான். அதில் ஆறில் ஒரு பங்கு ஒரு லிட்டர் வெந்நீருக்கே போய்விடுகிறது. இதைவிடப் பெரிய சிக்கல், மின்சாரம் இழுக்கப்படும் வேகத்தில் இருக்கிறது. வீட்டில் பயன்படுத்தும் 1,500 வாட் மின்கெண்டியை இன்வெர்ட்டரில் மாட்டினால், பேட்டரியில் இருந்து 125 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். மெல்லிய கம்பிகள் சூடேறும், வோல்டேஜ் சட்டென்று விழும், பெரும்பாலும் நீர் கொதிக்கும் முன்பே இன்வெர்ட்டர் நின்றுவிடும். எஞ்சினைக் கிளப்புவதும், நங்கூர விளக்கை எரிய வைப்பதும், ஆபத்தில் வானொலியில் உதவி கேட்பதும் அதே பேட்டரியால்தான் என்றால், இந்த விளையாட்டு வேண்டாம்.

கடைகளில் கிடைக்கும், சிறு அடுப்பில் மாட்டும் 220 கிராம் பியூட்டேன் எரிவாயு டப்பா ஒன்றில் சுமார் 2,800 வாட்-மணிக்கு இணையான வெப்பம் அடங்கியிருக்கிறது; அதாவது அந்தப் பெரிய பேட்டரியைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். பாதி வெப்பம் காற்றோடு போனாலும் பத்து லிட்டருக்கு மேல் கொதிக்க வைக்கலாம். ஆகவே வெப்பத்துக்கு எரிவாயு, வெளிச்சத்துக்கும் தொடர்புக்கும் பேட்டரி என்று பிரித்துக்கொள்வதே முறை.

வேலையின் பெரும்பகுதியை வீட்டிலேயே முடித்துவிடுவது நல்லது. நான்கு பேருக்கு என்றால், அரை லிட்டர் கொதிநீரில் ஐம்பது அறுபது கிராம் தூளைப் போட்டு, ஐந்து நிமிடம் ஊற விட்டுத் துணி வடிகட்டியில் வடித்து, அந்தக் கெட்டி டிகாக்‌ஷனைச் சிறிய பிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கடைத்தூளில் பெரும்பகுதி, சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்த கொட்டையில் இருந்து வருவது. இவ்வளவு கருக வறுத்த தூள் எளிதில் சாறு விடும். இரவு முழுவதும் கிடந்தாலும் அதன் கனம் குறைந்துவிடாது. மென்மையாக வறுத்த விலையுயர்ந்த அராபிக்கா வகைக் காப்பிக்கு இந்த முறை பொருந்தாது, அதன் மணம் போய்விடும். பாலை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் முன்கூட்டியே கலக்காதீர்கள். இளஞ்சூட்டில் பல மணி நேரம் இருக்கும் பால் கெட்டுப்போகும். குளிர்பெட்டி இல்லாத படகுக்கு, திறக்காத டின்பாலே ஏற்றது. கறுப்புக் காப்பி குடிப்பவருக்கு அந்தக் கவலையும் இல்லை.

வெந்நீருக்கு ஒரு லிட்டர் எஃகு பிளாஸ்க் தனியாக வேண்டும். முதலில் அதில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு மீண்டும் கொதிநீரைக் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். நல்ல பிளாஸ்க் என்றால் ஆறேழு மணி நேரம் கழித்தும் நீர் 80 பாகைக்கு அருகில் இருக்கும். டிகாக்‌ஷனில் கலந்து குடிக்க அதுவே போதும். நாக்கைச் சுடும் சூடு வேண்டும் என்பவர்கள் அந்த நீரை அடுப்பில் 95 பாகைக்கு ஏற்றிக்கொள்ளலாம். பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதோடு ஒப்பிட்டால், ஐந்தில் ஒரு பங்கு எரிவாயுதான் செலவாகும். முகத்துவாரத்து நீர் உப்புக் கலந்தது என்பதால், கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடிநீரும் வீட்டில் இருந்து போக வேண்டும்.

அடுப்பை எங்கே வைப்பது என்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. பியூட்டேன் காற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே பறந்து போகாமல் படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். பெட்ரோல் ஆவியும் அப்படித்தான். பெட்ரோல் தொட்டி பொதுவாகப் பின்பக்கம் இருப்பதால் அடுப்பு முன்பக்கம் இருக்க வேண்டும், காற்றும் முன்னிருந்து பின்னோக்கி வீச வேண்டும். நங்கூரமிட்ட படகு எப்போதும் காற்றை எதிர்கொண்டே நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வற்றும் ஆறும் ஏறும் கடலும் சந்திக்கும் இடத்தில் நீரோட்டமே படகைத் திருப்பிவிடும், அப்போது காற்று பின்னிருந்து வந்து பெட்ரோல் ஆவியை நேராக அடுப்புக்குக் கொண்டுவரும். எனவே பற்றவைக்கும் முன் நனைந்த கையை உயர்த்திக் காற்றின் திசையைப் பாருங்கள். பெட்ரோல் வாடை சிறிதளவு அடித்தாலும், அன்று பிளாஸ்க் நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூரைக்கு உள்ளே, தார்ப்பாய் மூடிய இடத்தில் அடுப்பை எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாடையில்லாமல் ஆளை மயக்கும்.

விளிம்புள்ள மரத்தட்டு ஒன்றில் அடுப்பை அமர்த்தி, அடியில் ஈரச்சாக்கு விரித்தால் வழுக்காது. எரிவாயு டப்பாவை மறைக்கும் அளவுக்கு அகலமான பாத்திரத்தை ஏற்றினாலோ, காற்றுத் தடுப்பை அடுப்பைச் சுற்றி நெருக்கமாக வைத்தாலோ, டப்பா சூடேறி வெடிக்கக்கூடும். மூடியுள்ள சிறு கெண்டியில் பாதியளவு நீரே போதும்.

ஊற்றும்போது கோப்பையை யாரும் கையில் பிடிக்க வேண்டாம். கோப்பைகளை ஒரு வாளிக்குள் வைத்து அதில் ஊற்றுங்கள்; இழுவைப் படகொன்று கடந்து அலை தட்டினாலும் சூடான நீர் வாளிக்குள்ளேயே விழும். அந்த நேரத்தில் கைலியைவிடக் கால்சட்டையே பாதுகாப்பு.

அடுப்பு எரிக்க வழியே இல்லாத படகுகளில், 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் 150 வாட் சிறு கெண்டியைப் பயன்படுத்தலாம். அது 12 ஆம்பியர் அளவே இழுக்கும். அரை லிட்டர் கொதிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். எஞ்சின் பேட்டரிக்கு மின்னேற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் அதைப் போடுங்கள், அதற்கெனத் தனிக் கம்பியும் 15 ஆம்பியர் ஃபியூசும் வைத்துக்கொள்ளுங்கள். சிறு எஞ்சின்கள் பலவற்றில் மின்னேற்றும் வசதியே இல்லை என்பதால், வாங்கும் முன் உங்கள் எஞ்சினில் அது இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.