எச்.ஐ.வி.யும் தோலும்: டியூப் வாங்குவதற்கு முன்

"அண்ணே, தொடை இடுக்குல அரிப்பு தாங்கல, ஒரு டியூப் குடுங்க." மருந்துக்கடையில் தினமும் காதில் விழும் பேச்சு. எடுத்துக் கொடுக்கும் டியூபில் பெரும்பாலும் மூன்று மருந்து கலந்திருக்கும்: படர்தாமரைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அப்புறம் க்ளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். ஆனால் ஸ்டீராய்டு அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்தே அடக்கிவிடுவதால், படர்தாமரை ஓசைப்படாமல் பரவும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும். திடமாக இருப்பவருக்கே இந்தக் கதி. எச்.ஐ.வி. இருந்து, சிடி4 எனும் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையும் இறங்கியவருக்கு, தொடையில் தொடங்கியது முதுகு, முகம் என்று ஏறிவிடும்.

அடுத்தது அக்கி. குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். அதைக் கேலி செய்ய வரவில்லை. ஈரக் காவியில் எரிச்சல் கொஞ்சம் தணியலாம். சிக்கல், அதில் போகும் நாட்களில்தான். அக்கி வைரஸை அடக்கும் அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் மாத்திரைகளைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். "மூணு நாள் எழுதிப் பார்ப்போம்" என்பதிலேயே அந்த நேரம் கரைந்துவிடும். கரைந்துவிட்டதே என்று சும்மா இருக்கவும் வேண்டாம், எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு அதற்குப் பிறகும் மாத்திரை கொடுப்பார்கள். மூக்கு நுனியில் கொப்புளம் கண்டால் கண்ணுக்கு ஆபத்து. அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இளவயதில் அக்கி வந்தாலோ, ஒரே ஆளுக்குத் திரும்ப வந்தாலோ, அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இலவசம், விவரம் வெளியே போகாது.

சிரங்கிலும் ஏமாறுவோம். சிடி4 மிகவும் குறைந்தவருக்குச் சில சமயம் அரிப்பே பெரிதாக இருக்காது. கை, கால், விரலிடுக்கில் தடித்த பொருக்காகப் படிந்திருக்கும். வறட்சி என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பொருக்குக்குள் சிரங்கை உண்டாக்கும் நுண்ணிய பூச்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒருவர் மட்டும் மருந்து பூசினால் போதாது, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும்.

முகத்தில் நடுவே குழி விழுந்த சின்னச் சின்னப் பருக்களைப் பாலுண்ணி என்று கிள்ளுபவர்கள் உண்டு. பல நேரம் பாலுண்ணியாகவே இருக்கும். ஆனால் கூடவே காய்ச்சலும் விடாத தலைவலியும் இருந்தால், மூளை உறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையாகவும் இருக்கலாம். அப்போது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

எனக்கு அதிகம் கவலை தருவது மருந்துத் தடிப்பு விஷயம். இங்கே ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு தவறுகள் நடக்கின்றன. லேசாகத் தடித்ததுமே "சூடு ஒத்துக்கல" என்று, எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை மொத்தத்தையும் தாமாகவே நிறுத்துவது ஒன்று. சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களில், எதிர்ப்பு சக்தி விழித்துக்கொள்ளும்போது, பரு, அக்கி போன்றவை கிளம்புவது உண்டு. அதற்காக மாத்திரையைக் கைவிட்டால் வைரஸுக்குத்தான் லாபம். இன்னொன்று, நிஜ ஆபத்தைப் பொறுத்துக்கொண்டு இருப்பது. நெவிரப்பின் (எச்.ஐ.வி. மருந்து), கோட்ரைமாக்சசோல் (மற்ற தொற்றுகளைத் தடுக்கத் தருவது) போன்ற மருந்துகள் தொடங்கிய முதல் சில வாரங்களில் தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் கொப்புளம் என்று வந்தால், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அபாகவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து ஒவ்வாமல் நிறுத்தியவர் அதைத் திரும்பத் தொடவே கூடாது. இரண்டாம் முறை உயிருக்கே ஆபத்தாகலாம்.

தோல் டாக்டரிடம் எச்.ஐ.வி. பற்றி மறைப்பதிலும் விலை உண்டு. ரிட்டோனவிர் சேர்ந்த எச்.ஐ.வி. மாத்திரை எடுப்பவருக்குத் தழும்புக்காக ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டால், அது உடம்பில் தேங்கி முகம் வீங்கி, சர்க்கரை ஏறலாம். டாக்டருக்குத் தெரிந்தால்தானே தவிர்ப்பார்? மறைப்பவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதையும், சம்மதமில்லாமல் விவரத்தை வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. வரிசையில் நாலு பேர் இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லக் கூசினால், ஏ.ஆர்.டி. சீட்டை மடித்தபடியே மேசை மேல் நகர்த்தி வைத்தால் போதும்.