எஃப்.எச்.ஏ. கடன் கோப்பில் கையெழுத்திடும் முன்

அமெரிக்க அரசின் எஃப்.எச்.ஏ. அமைப்பு காப்பீடு தரும் வீட்டுக் கடன்களில், விண்ணப்பத்தை எடைபோடும் மென்பொருளான டோட்டல் ஸ்கோர்கார்டு 'அக்செப்ட்' (ஏற்கலாம்) என்று காட்டியதும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் பெரிய ஆபத்து. உள்ளே தட்டிய எண்களை வைத்துத்தான் அது பதில் சொல்கிறது. அந்த எண்களுக்கு ஆவணம் கோப்பில் இருக்கிறதா என்று பார்ப்பது, கடனை மதிப்பிட்டு ஒப்புதல் தரும் அண்டர்ரைட்டர் பொறுப்பு. ஹட் எனப்படும் அமெரிக்க வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறையின் கையேடு 4000.1 பக்கத்திலேயே திறந்திருக்கட்டும்.

தகுதிப் பகுதி சீக்கிரம் முடியும். அரசுக் கடன் எதிலாவது பாக்கி நிற்கிறதா என்று கெய்வர்ஸ் என்ற அரசுத் தரவுத்தளத்தில் பாருங்கள். கிரெடிட் ஸ்கோர் 580 அல்லது அதற்கு மேல் என்றால் 3.5% முன்பணம், 500 முதல் 579 வரை 10%, அதற்குக் கீழே கடன் கிடையாது.

மாதக் கடன் சுமையைக் கணக்கிடுவதில் நிதானம் தேவை. கிரெடிட் அறிக்கையில் கல்விக் கடன் தவணை பூஜ்யம் என்றிருந்தால் நிலுவையில் 0.5% சேருங்கள்: 40,000 டாலருக்கு மாதம் 200. மருத்துவம் சாராத வசூல் கணக்குகள் (வசூல் நிறுவனத்திடம் போன பாக்கிகள்) மொத்தம் 2,000 டாலரைத் தொட்டு, அடைக்கப்படாமலும் தவணை ஒப்பந்தம் இல்லாமலும் இருந்தால் ஒவ்வொன்றின் நிலுவையிலும் 5%. பத்து மாதத்துக்குள் முடியும் தவணைக் கடன்களை விடலாம்தான், ஆனால் அவற்றின் மாதத் தவணைகள் சேர்ந்து மொத்த மாத வருமானத்தில் 5%-ஐத் தாண்டக் கூடாது. இதற்காகவே அசலை முன்கூட்டிக் கட்டிக் குறைத்தால் செல்லாது.

'அக்செப்ட்' வந்த பிறகும் சில கோப்புகளை 'ரெஃபர்' (கைமுறை மதிப்பீடு) ஆக இறக்கியே தீர வேண்டும். சுயதொழில் வருமானம் 20%-க்கு மேல் சரிந்திருப்பதும், கிரெடிட் அறிக்கையில் கடன் வாங்குபவர் மறுத்துத் தகராறில் உள்ள பாதகமான கணக்குகள் மொத்தம் 1,000 டாலரை எட்டுவதும் அடிக்கடி கண்ணில் படாமல் போகிறவை. இறக்கியதும் கைமுறை வரம்பு 31/43: மொத்த மாத வருமானத்தில் வீட்டுச் செலவு 31%, எல்லாக் கடன்களும் சேர்த்து 43%. அதைத் தாண்ட, ஈடுசெய்யும் காரணங்களுக்கு ஆவணம் வேண்டும்.

அன்பளிப்புப் பணத்துக்குக் கடிதம் மட்டும் போதாது. கொடுத்தவர் கணக்கிலிருந்து வந்த தடமும் தேவை. விற்பவரோ முகவரோ கொடுத்தால் அது அன்பளிப்பே அல்ல. விற்பவர் வீட்டை வாங்கிய நாளுக்கும் விற்பனை ஒப்பந்த நாளுக்கும் இடையே 90 நாள் அல்லது குறைவாக இருந்தால், விலக்கு ஏதும் பொருந்தாதவரை, அந்த வீட்டுக்குக் காப்பீடு கிடைக்காது.

வேலையில் இருப்பதைக் கடன் பத்திரத் தேதிக்கு 10 நாட்களுக்குள் மறுபடி சரிபாருங்கள். பணம் பட்டுவாடா ஆன 10 நாட்களுக்குள் 1.75% முன்கட்டணக் காப்பீட்டுப் பிரீமியத்தைச் செலுத்தி, 60 நாட்களுக்குள் கோப்பைக் காப்பீட்டு ஒப்புறுதிக்கு அனுப்புங்கள். முதல் ஆறு தவணைகளுக்குள் 60 நாள் பாக்கி விழும் கடன் ஒவ்வொன்றும் தரச் சோதனைக்குப் போக வேண்டும். மாதிரித் தேர்வில் வரவில்லை என்பது சாக்கு ஆகாது.