முதல் ஃப்ளையாக வூலி பக்கர் கட்டுவது எப்படி?

ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை, அதாவது முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் போலி இரை, கட்டப் பழகுகிறீர்களா? வூலி பக்கரில் தொடங்குங்கள். 1967இல் பென்சில்வேனியாவின் ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் கட்டியது இது. தண்ணீரில் அட்டை போலவும் இருக்கும், குட்டி மீன் போலவும் இருக்கும். சால்மனும் இதைக் கடிக்கும்.

தண்டு நீண்ட 8ஆம் எண் தூண்டில் முள், முள்ளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ், கறுப்பு நூல் ஆகியவற்றை ஆன்லைனில் வாங்கிவிடலாம். மற்றதற்கு பெங்களூரே போதும். சிக்பேட்டையில் ஷெனீல் என்ற புசுபுசு நூல் கிடைக்கும். வாலுக்கு வான்கோழியின் பஞ்சு இறகு வேண்டும். நடன உடைக்கு விற்கும் இறகு மாலையிலேயே சில சமயம் அது இருக்கும். சிவாஜிநகர் கோழிக்கடையில் சேவலின் கழுத்து இறகைக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் காசு வாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சோப்பு நீரில் அலசிக் காய வையுங்கள், இல்லாவிட்டால் நாறும். மோட்டார் காயில் கட்டும் கடையில் மெல்லிய செம்புக் கம்பி ஒரு முழம் கேளுங்கள்.

முள்ளை வைஸில் இறுக்கி, தண்டு முழுக்க நூலைச் சுற்றுங்கள். முள் வளையத் தொடங்கும் இடத்தில் வாலைக் கட்டுங்கள். தண்டின் நீளமே வாலின் நீளம். இறகைக் கொஞ்சம் ஈரமாக்கினால் அடங்கி நிற்கும். அதே இடத்தில் செம்புக் கம்பி, சேவல் இறகின் நுனி, ஷெனீல் மூன்றையும் கட்டிவிட்டு, நூலை முன்னால் கொண்டுவாருங்கள்.

இனி ஷெனீலை நெருக்கமாக முன்னோக்கிச் சுற்றுங்கள். முள்ளின் கண்ணுக்கு முன்பு இரண்டு மில்லிமீட்டர் கட்டாயம் காலியாக இருக்கட்டும். நான் சொதப்பியது இங்கேதான்: முதல் நான்கு ஃப்ளையிலும் கண் அடைபட்டு, லைனே நுழையவில்லை. தலைக்கு இடம் பத்தாது போலத் தோன்றினால் ஒரு சுற்றைப் பிரித்துவிடுங்கள்.

அப்புறம் சேவல் இறகை இடைவெளி விட்டு ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். நுனியிலிருந்து கட்டியதால் பின்னால் குட்டையாகவும் முன்னால் நீளமாகவும் விரியும். செம்புக் கம்பியை எதிர்த்திசையில் சுற்றி இறகின் மேல் குறுக்காக ஓட்டினால், மீன் பல் பட்டு இறகு அறுந்தாலும் முழுக்கப் பிரியாது. நூலால் தலையை முடிச்சிட்டு, நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு விடுங்கள்.

நீலகிரி ஓடைக்குக் கிளம்புமுன் மீன்வளத் துறை அனுமதியை விசாரியுங்கள். அதுவரை பக்கெட் தண்ணீர் போதும். லைனில் கட்டி இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்துப் பாருங்கள். நிறுத்தும்போது வால் விரிந்தால் சரியாகக் கட்டிவிட்டீர்கள்.