டயர் அளவை மாற்றும் முன்

165/80 R14 டயருக்குப் பதிலாக அகலமான டயர் போட வேண்டுமா? முதலில் டயரின் மொத்த விட்டத்தைக் கணக்கிடுங்கள். 165 என்பது மி.மீ.-இல் டயரின் அகலம், 80 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 14 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 165-இல் 80 சதவீதம் 132 மி.மீ.; அதை இரட்டித்து, ரிம்மின் 14 அங்குலத்தை, அதாவது 355.6-ஐக் கூட்டினால் 619.6 மி.மீ. இதே கணக்கில் 185/65 R15 டயருக்கு 621.5 வரும். வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை, தாராளமாகப் போடலாம். 195/65 R15 என்றால் 634.5. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பைவிட 2.4 சதவீதம் வேகமாக ஓடும், பிக்கப் மந்தமாகும், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் சக்கரத்துக்கு மேலே உள்ள ஃபெண்டர் லைனரில் உரசவும் வாய்ப்புண்டு.

அகலம் கூடினால் வளைவில் பிடிப்பு கூடும். மைலேஜ் குறையும், ஸ்டீயரிங் கனக்கும். 185/65 R15-இல் பக்கச்சுவர் 132 மி.மீ.-இலிருந்து 120-ஆகக் குறைவதால் பள்ளத்தில் விழும் அடி ரிம்முக்கே போகும். குண்டும் குழியுமான சாலையில் தினமும் ஓட்டுபவர்கள் 14 அங்குலத்திலேயே 185/70 போடுவதுதான் என் பார்வையில் புத்திசாலித்தனம்.

அலாய் வீல் வாங்கும்போது போல்ட் இடைவெளி மட்டும் பொருந்தினால் போதாது. வீலின் நடுத்துளை, அது மாட்டப்படும் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் செய்தாலும் தீராது, இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போட வேண்டும். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் லோட் இண்டெக்ஸ் எண் பழைய டயரைவிடக் குறையவே கூடாது. நட்டுகளை, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் குறுக்கு வரிசையில் முறுக்கி, 100 கிலோமீட்டருக்குள் மறுபடி சரிபாருங்கள்.