நீலகிரியில் சிறுதொழில் கடன்: போர்ட்டலைத் திறப்பதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

சாக்லேட், வர்க்கி, தேயிலைத் தூள் பாக்கெட், தைல எண்ணெய் என்று மலையில் சிறிதாக ஒரு தொழில் தொடங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "மானியம் எவ்வளவு?" என்றுதான். அதற்கு முன்னால் "யூனிட் எந்த இடத்தில்?" என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். நீலகிரியில் இடப் பத்திரமும் கரண்டும் சரியில்லாத மனு வங்கி மேசையிலேயே படுத்துவிடும். மானியம் எத்தனை சதவீதம் என்பதையும் அந்த இடமே முடிவு செய்கிறது.

இங்கே பேசுவது பி.எம்.ஈ.ஜி.பி. எனப்படும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பற்றி. இதில் வங்கி கடன் தரும், அரசு மானியம் தரும்; மனுவை இணைய போர்ட்டலில் ஏற்ற வேண்டும். 2022-இல் திருத்திய விதிகளின்படி உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். பொதுப் பிரிவினருக்கு ஊரகத்தில் 25, நகரத்தில் 15 சதவீத மானியம். நீங்கள் போட வேண்டிய கைப்பணம் 10 சதவீதம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோர் சிறப்புப் பிரிவு. இவர்களுக்கு ஊரகத்தில் 35, நகரத்தில் 25. கைப்பணம் 5 சதவீதம் போதும். அரசு அறிவித்த மலைப்பகுதிகளும் சிறப்புப் பிரிவில் வருகின்றன. எந்த வகையில் சிறப்புப் பிரிவு கேட்கிறீர்கள் என்பதை ஊட்டியிலுள்ள மாவட்டத் தொழில் மையத்தில் முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் பெண் என்ற தகுதியிலேயே விண்ணப்பித்துவிடலாம், தனிச் சான்று தேவையில்லை. பிற்படுத்தப்பட்டோர் என்று கேட்டால் சாதி மத்திய அரசின் பட்டியலில் இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் ஊரகம், நகராட்சி என்றால் நகரம். 10 லட்ச ரூபாய் யூனிட்டைக் குன்னூர் நகராட்சிக்குள் வைத்தால் ஒரு பெண்ணுக்கு 2.5 லட்சம், பக்கத்து ஊராட்சியில் வைத்தால் 3.5 லட்சம். ஒரே ரோட்டின் இரு பக்கமும் வெவ்வேறு எல்லையில் வரும் இடங்கள் இங்கே உண்டு. நீலகிரியில் பேரூராட்சிகள் நிறைய. உங்கள் இடம் பேரூராட்சியில் வருகிறது என்றால், எந்தக் கணக்கில் எடுப்பார்கள் என்று தொழில் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாடகை அட்வான்ஸ் கொடுங்கள். ஊரகம் என்றால் அதற்கான சான்று வேண்டும். மனுவோடு அதையும் ஏற்ற வேண்டியிருக்கும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் இதைவிடப் பெரிய சிக்கல். 1969-ஆம் ஆண்டின் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலங்களுக்குப் பட்டா கிடையாது, புதிய மின் இணைப்பும் எளிதில் கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்தைக் காட்டி இயந்திரக் கடன் கேட்பதில் பயனில்லை. ஏற்கெனவே மின் இணைப்பு உள்ள, பட்டா நிலத்துக் கட்டடம் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். மூன்று ஆண்டு வரையிலான வாடகையைத் திட்டச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளலாம். நிலம் வாங்கும் செலவைச் சேர்க்க முடியாது.

மற்ற தாலுகாக்களிலும் புது ஷெட் கட்டும் யோசனையை விட்டுவிடுவது நல்லது. மலைப்பகுதிக் கட்டட அனுமதி பல துறைகளின் வழியாகப் போய் வருவதற்குள் வங்கியின் ஒப்புதல் காலாவதியாகிவிடும். ஏற்கெனவே அனுமதி பெற்ற கட்டடத்தில் தரை, ஒயரிங், டைல்ஸ், வாஷ்பேசின் மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.

அடுத்தது திட்ட அறிக்கை. பெரும்பாலானோர் ஜெராக்ஸ் கடையில் கோயம்புத்தூர் யூனிட் ஒன்றின் அறிக்கையை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி ஏற்றிவிடுகிறார்கள். அதில் சாக்லேட் அறைக்கு ஏ.சி. இருக்கும். ஊட்டிக்கு அது தண்டச் செலவு. இங்கே தேவை ஈரத்தை இழுக்கும் இயந்திரம். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் காற்றின் ஈரம் சாக்லேட் மேல் படிந்து, சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் வெள்ளை பூத்துவிடும். சரக்கு கெட்டிருக்காது, ஆனால் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். தேயிலைத் தூளுக்கும் இதே கதைதான். ஈரம் குடித்தால் மணம் போய்விடும். பேக்கிங் செலவைப் போடும்போது மாவட்டத்தின் பிளாஸ்டிக் தடையை மனதில் வைத்து உறையைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு கணக்கு. 10 லட்சத்தில் இயந்திரங்கள் 6,50,000, உள்வேலை 1,50,000, நடப்பு மூலதனம் (மூலப்பொருள், கூலி போன்ற அன்றாடச் செலவுக்கான பணம்) 2,00,000. ஊராட்சியில் தொடங்கும் பெண் 50,000 கட்டினால் போதும். வங்கி 9,50,000 கொடுக்கும். மானியம் 3,50,000. ஆனால் அது உங்கள் கைக்கு வராது. வங்கியிலேயே மூன்று ஆண்டுகளுக்கு டெபாசிட்டாகக் கிடக்கும். அந்த டெபாசிட்டுக்கு வட்டி இல்லை, அதே அளவு கடனுக்கும் வட்டி இல்லை. ஆக, வட்டி ஓடுவது 6,00,000-க்குத்தான். மானியம் வந்ததும் பழைய கைமாற்றை அடைக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் அதை இப்போதே அழித்துவிடுங்கள்.

நடப்பு மூலதனத்தைப் பெரிதாகக் காட்டத் தோன்றும். காட்டாதீர்கள். மூன்று ஆண்டுக்குள், நடப்பு மூலதனத்துக்கு வங்கி கொடுத்த கடன் வரம்பை ஒருமுறையாவது முழுதாக எடுத்திருக்க வேண்டும், பயன்பாடும் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. குறைந்தால் அந்த அளவுக்கு மானியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். சீசனை நம்பி ஓடும் தொழிலுக்கு இது வலி. ஏப்ரல், மே மாதங்களில் வரம்பு முழுவதையும் எடுத்துவிட்டு, மழைக்காலத்தில் கணக்கு சும்மா கிடந்தால் சராசரி விழுந்துவிடும். எனவே சீசன் மாதத்தை வைத்துக் கணக்குப் போடாமல் சாதாரண மாதத்தை வைத்துப் போடுங்கள்: மூலப்பொருள், கூலி, பேக்கிங் சேர்த்து நாளுக்கு 4,500 ரூபாய், கடைகளில் கொடுத்த சரக்குக்குப் பணம் திரும்ப 45 நாள் என்றால் 2,02,500. மேலே 2 லட்சம் வந்தது இப்படித்தான்.

இயந்திர விலைக்கு வாங்கும் கொட்டேஷனில் இன்னொரு ஓட்டை. சமவெளி வியாபாரிகள் குடோன் விலையை மட்டும் எழுதித் தருவார்கள். ஜி.எஸ்.டி., மலையேற்றும் வாடகை, இறக்குகூலி, பொருத்தும் செலவு எல்லாம் அதே தாளில் வர வேண்டும். வங்கி பணத்தை நேராக வியாபாரி கணக்குக்குத்தான் அனுப்பும். தாளில் இல்லாத செலவு உங்கள் பையிலிருந்து போகும். இயந்திரத்துக்கு எத்தனை கிலோவாட், சிங்கிள் ஃபேஸா மூணு ஃபேஸா என்பதையும் எழுதி வாங்குங்கள். வாடகைக் கட்டடத்தில் சிங்கிள் ஃபேஸ் மட்டும் இருந்து, சாக்லேட் உருக்கும் மூணு ஃபேஸ் மெல்ட்டர் வந்து இறங்கினால் மின்வாரியத்துக்கு அலைய வேண்டியதுதான். மின் இணைப்பு கட்டட உரிமையாளர் பெயரில் இருந்தால், கூடுதல் லோடு கேட்க அவருடைய சம்மதக் கடிதத்தை ஒப்பந்தத்தோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

இவ்வளவும் கையில் வந்த பிறகு போர்ட்டல். வயது 18 முடிந்திருக்க வேண்டும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட உற்பத்தித் திட்டத்துக்கும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட சேவைத் திட்டத்துக்கும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் கடன். ஏற்கெனவே ஓடும் தொழிலுக்குக் கிடைக்காது. தேயிலை, காபி பயிரிடுவதற்கும் கிடையாது. அவற்றைப் பதப்படுத்தி மதிப்புக் கூட்டுவதற்கு உண்டு. ஆதாரில் இனிஷியல் முன்னால், மதிப்பெண் பட்டியலில் பின்னால், சாதிச் சான்றில் விரித்து எழுதிய அப்பா பெயர் என்று மூன்று விதமாக இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். இந்த ஒரு காரணத்துக்காக ஃபைல் திரும்பி வருவது சர்வசாதாரணம்.

தொழில் மையம் மனுவைப் பார்த்து வங்கிக்கு அனுப்பும், ஆனால் கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது வங்கி. ஆகவே போர்ட்டலில் கிளையைத் தேர்ந்தெடுக்கும் முன் மேனேஜரை நேரில் பாருங்கள். யூனிட் இருக்கும் ஊர் தன் எல்லையில் வராது என்று அவர் சொன்னால் வேறு கிளையைப் போடலாம். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையையும் முன்பே எடுத்துப் பாருங்கள். மகளிர் குழுக் கடனின் பாக்கி, மீட்காத நகைக்கடன், மச்சானுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாம் அதில் தெரியும். 10 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வீட்டுப் பத்திரம் கேட்டால் மரியாதையாக இதைச் சொல்லுங்கள். பிடிகொடுக்கவில்லை என்றால் தொழில் மையப் பொது மேலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.

ஒப்புதல் வந்ததும் தொழில்முனைவோர் பயிற்சி: 5 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 5 நாள், அதற்கு மேல் 10 நாள். சான்றிதழ் இல்லாமல் வங்கியால் மானியம் கோர முடியாது. கைப்பணத்தைக் கட்டியவுடன் பயிற்சியையும் முடித்துவிடுங்கள். தாமதமானால் அத்தனை நாளும் முழுக் கடனுக்கும் வட்டி ஓடும்.

நகராட்சி எல்லையில்தான் இடம் கிடைத்தது என்றால் மாநில அரசின் யூ.ஒய்.ஈ.ஜி.பி. எனப்படும், வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உற்பத்தித் தொழிலுக்கு 15 லட்சம் வரை திட்டம், 25 சதவீத மானியம், உச்சம் 3.75 லட்சம், வியாபாரத்துக்கும் உண்டு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டத்தில் 35 சதவீதம், 1.5 கோடி வரை, கூடவே 6 சதவீத வட்டி மானியம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் சமூகத்தினர் இதை முதலில் பார்ப்பது மேல். ஒரே தொழிலுக்கு இரண்டு மானியம் வாங்க முடியாது.

ஆள் விஷயம். நான்கு பேராவது வேலை செய்யும் நிறுவனம் விரும்பினால் அப்ரண்டிஸ் எடுக்கலாம். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள தேயிலைத் தொழிற்சாலை போன்ற இடங்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை எடுப்பது கட்டாயம். உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு அப்ரண்டிஸின் வங்கிக் கணக்கிலேயே போடுகிறது. மீதி உங்கள் பொறுப்பு. முதல் ஆண்டில் இதில் இறங்காதீர்கள். கூலிக்குக் குறைந்த ஆள் கிடைக்கிறார் என்று நினைத்து எடுப்பவர்கள், பயிற்சி ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விட்டுப் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

மூன்று ஆண்டு முடிந்ததும் நேரடி ஆய்வுக்கு ஆள் வருவார். இயந்திரம் அதே முகவரியில் ஓட வேண்டும், திட்டத்தின் பெயர்ப்பலகை வாசலில் இருக்க வேண்டும், பில்களும் விற்பனைக் கணக்கும் கையில் இருக்க வேண்டும். இடையில் கட்டடம் மாற்ற நேர்ந்தால் வங்கிக்கும் தொழில் மையத்துக்கும் எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு சரியாக முடிந்தால் மானியம் கடனில் கழியும். முதல் கடனையும் ஒழுங்காக அடைத்தவர்கள், லாபத்தில் ஓடும் உற்பத்தி யூனிட்டை விரிவாக்க 1 கோடி வரை இரண்டாவது கடன் கேட்கலாம். அதற்கு மானியம் 15 சதவீதம்.